கரைப்பான் போகும் வழி

எண்ணெய்ப் பிசுக்கு படிந்த உலோக உறுப்பு எதுவாயினும், அது விமானத்தின் எரிபொருள் குழாயாகட்டும், தையல் இயந்திரத்தின் பற்சக்கரமாகட்டும், அதன்மேல் வண்ணம் பூசவோ முலாம் ஏற்றவோ வேண்டுமெனில் அந்தப் பிசுக்கு முற்றிலும் நீங்கியாக வேண்டும். சோப்பும் தண்ணீரும் இப்பணியை ஓரளவு செய்யுமெனினும் இண்டு இடுக்குகளில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பெட்ரோல் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் பிசுக்கை நன்றாகக் கரைத்தாலும் எளிதில் தீப்பற்றும். இவ்விரு குறைகளும் இல்லாத நீர்மம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழிற்சாலைகளுக்குக் கிடைத்தது. இரண்டு கார்பன் அணுக்களும் மூன்று குளோரின் அணுக்களும் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த டிரைகுளோரோஎத்திலீன் என்னும் அந்த நிறமற்ற, இலேசான இனிப்பு வாடையுள்ள நீர்மம், கரைப்பான்கள் எனப்படும் பொருள் வகையைச் சேர்ந்தது; அதாவது, பிறவற்றைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஆவியாகி விலகிவிடுவது. உலோகத் தொழிலில் மட்டுமன்றி, காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிக்கவும் அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாகவும்கூட அது ஒரு காலத்தில் பயன்பட்டது.

அதன் முதன்மையான இருப்பிடம் பிசுக்கு நீக்கும் தொட்டி. தொட்டியின் அடியில் ஊற்றப்பட்ட கரைப்பான் 87 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி காற்றைவிட ஏறத்தாழ நாலரை மடங்கு கனமானதாகையால் மேலெழுந்து பரவாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கிறது. விளிம்பை ஒட்டிச் சுற்றப்பட்ட குளிர்நீர்க் குழாய்கள் அதற்கு மேலெல்லை வகுக்கின்றன. கம்பிக் கூடையில் வைத்து இறக்கப்படும் குளிர்ந்த உறுப்பின்மேல் ஆவி பட்டுத் துளிதுளியாகத் திரண்டு, பிசுக்கைக் கரைத்தபடி வழிந்து சொட்டுகிறது. உறுப்பு ஆவியின் அளவுக்குச் சூடேறியதும் துளி திரள்வது தானாகவே நின்றுவிட, வெளியே எடுத்த சில நொடிகளில் அது உலர்ந்து பளபளக்கிறது. தொட்டியின் அடியிலோ எண்ணெயும் உலோகத் துகளும் கலந்த கரிய கசடு நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்; அதில் கரைப்பானும் கணிசமாகக் கலந்திருக்கும். அக்கசடைக் கட்டடங்களுக்கு அப்பால் வறண்ட தரையில் ஊற்றி ஆவியாக விடலாம் என்றே அக்காலத்துத் தொழிற்கையேடுகள் அறிவுரை கூறின. ஊற்றிய இடம் சில மணி நேரத்தில் உலர்ந்து வெளுத்துவிட்டதால், அந்த அறிவுரையை ஐயுறுவதற்கு ஊற்றியவர்களுக்குக் காரணம் ஏதும் தென்படவில்லை.

சுற்றுச்சூழலில் ஒரு பொருள் காணாமற்போயிற்று என்று சொல்லும்போது, மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் அந்த ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. பொருள் வேறிடம் போயிருக்கலாம். பெருமளவு நீரிலோ காற்றிலோ கலந்து செறிவு குறைந்திருக்கலாம். அல்லது அதன் மூலக்கூறே உடைந்து வேறு பொருளாகியிருக்கலாம். டிரைகுளோரோஎத்திலீனின் சுற்றுச்சூழல் வரலாறு, முதலிரண்டைக் கண்டு மூன்றாவது நிகழ்ந்துவிட்டதாக நம்பிய வரலாறு என்று கூறினால் அது பெரும்பாலும் பொருந்தும்.

தரையில் ஊற்றப்பட்டதில் ஒரு பகுதி ஆவியாகிவிட, எஞ்சியது கீழே இறங்குகிறது. அது இறங்கும் விதம் தண்ணீர் இறங்கும் விதத்திலிருந்து வேறுபட்டது. டிரைகுளோரோஎத்திலீனின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, துல்லியமாகச் சொன்னால் 1.46, அதன் பாகுநிலையோ, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வு, நீரினுடையதைவிடக் குறைவு. கனமும் இளக்கமும் ஒருங்கே வாய்த்த இந்நீர்மம் மணல் துகள்களின் இடைவெளிகளில் வழுக்கிச் செல்கிறது. செல்லும் வழியெங்கும் நுண்ணிய துளிகளைத் துளைகளில் சிக்கவிட்டுச் செல்கிறது. அப்படிச் சிக்கிய துளியை மழைநீர் கழுவிக் கொண்டுபோவதில்லை, உந்தித் தள்ளுவதும் இல்லை. மயிர்த்துளை விசை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் பெட்ரோலாக இருந்தால் மிதந்து நின்றுவிடும். இது அங்கே சற்றே தேங்கி, போதிய கனம் சேர்ந்தவுடன் நீரை விலக்கிக்கொண்டு மேலும் கீழே இறங்குகிறது. இடையில் களிமண் அடுக்கு ஒன்று குறுக்கிட்டால் அதன்மேல் குட்டைபோல் பரவி, அடுக்கின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊர்கிறது. நிலத்தடி நீரின் ஓட்டம் கிழக்கு நோக்கி இருக்க, கரைப்பான் மேற்கே போவதும் உண்டு.

இதை முறையாக எடுத்துக்காட்டியவர்களுள் ஜெர்மன் நிலத்தடி நீரியல் அறிஞர் ஃபிரீட்ரிக் ஷ்வில்லே குறிப்பிடத்தக்கவர். கண்ணாடிச் சுவர் கொண்ட தொட்டிகளில் மணலையும் நீரையும் நிரப்பி, சாயமேற்றிய குளோரின் கரைப்பான்களை மேலிருந்து விட்டு, அவை விரல்விரலாகப் பிரிந்து இறங்குவதையும் நுண்மணல் அடுக்கு குறுக்கிடும்போது பக்கவாட்டில் திரும்புவதையும் அவர் கண்ணெதிரே காட்டினார். அந்த ஆய்வுகளைத் தொகுத்த நூல் 1984இல் ஜெர்மன் மொழியிலும் 1988இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பின்னர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் போர்டன் படைத்தளத்து மணல்நிலத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரும்புத் தகடுகளால் சூழ்ந்து அடைத்த நிலப்பகுதிக்குள் இத்தகைய கரைப்பானை வேண்டுமென்றே ஊற்றி, பிறகு மண்ணை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தனர். கண்ணுக்கு ஒரே சீராகத் தோன்றிய மணலிலும், மில்லிமீட்டர் கணக்கிலான நுணுக்க வேறுபாடுகளே கரைப்பானின் பாதையைத் தீர்மானித்திருந்தன. ஒரு முழம் தள்ளி ஆழ்துளை போட்டால் ஒன்றும் அகப்படாது என்பதும், அகப்படாததாலேயே அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதும் இதனால் தெளிவாயின.

இனி, கரைதல். எண்ணெயையும் கொழுப்பையும் நொடியில் கரைக்கும் இந்நீர்மம் தண்ணீரில் அரிதாகவே கரையும் என்று பாடநூல்கள் கூறும். லிட்டருக்கு ஏறத்தாழ 1.1 முதல் 1.3 கிராம் என்பது அளவு. சமையலறைக் கணக்கில் இது கரையாமைக்குச் சமம்தான். ஆனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் இதற்கு விதித்துள்ள உச்சவரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. அரிதாகக் கரையும் அந்த அளவே வரம்பைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. வேறு விதமாகக் கணக்கிட்டால், ஒரே ஒரு லிட்டர் கரைப்பான் முழுவதுமாகக் கரைந்து பரவினால் ஏறத்தாழ 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்பு வரை கெடுக்கப் போதுமானது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் அது 24,000 லாரி நீர். எளிதில் கரையும் பொருளாக இருந்திருந்தால் சில ஆண்டுகளில் கழுவப்பட்டு முடிந்திருக்கும். அறவே கரையாத பொருளாக இருந்திருந்தால் கிணற்றுக்கு வந்திராது. மண்ணில் சிக்கிய துளிகள் தம்மைக் கடந்து செல்லும் நீருக்குத் துளித்துளியாகப் பல தலைமுறைக் காலம் தம்மை ஈந்துகொண்டிருக்கும் இந்த இடைப்பட்ட நிலையே எல்லாவற்றிலும் கெட்டது.

கரைந்த பகுதி நீரோட்டத்தின் திசையில் நீண்டு விரியும் மாசுத் தடமாகிறது. மணற்பாங்கான படுகைகளில் இதைப் பிடித்து நிறுத்தும் கரிமப் பொருள் குறைவாகையால், நீரின் வேகத்துக்குப் பெரிதும் பிந்தாமல் இது செல்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊபர்ன் நகரில், ஜி, ஹெச் என்று பெயரிடப்பட்ட இரு நகராட்சிக் கிணறுகள் 1979இல் மூடப்பட்டன. ஒன்றில் லிட்டருக்கு 267 மைக்ரோகிராம் டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. அந்நகரின் குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருந்ததும் அதையொட்டி நடந்த வழக்கும் பின்னர் நூலாகவும் திரைப்படமாகவும் வந்து பலரும் அறிந்தவையாயின. கிணறுகள் இயங்கிய காலத்தில் குடிநீரில் இக்கரைப்பானுக்கு வரம்பு என்று ஒன்றே இருக்கவில்லை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வரம்பு இல்லாத பொருளை எவரும் தேடுவதில்லை. வட கரோலினாவின் லெஜூன் மரைன் படைத் தளத்திலோ 1982ஆம் ஆண்டின் ஒரு மாதிரியில் 1,400 மைக்ரோகிராம் காணப்பட்டது. 1950கள் முதல் 1980கள் வரை அந்நீரைப் பயன்படுத்தியோர் லட்சக்கணக்கினர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் இப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. லெஜூன் தளத்தில் பணியாற்றியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் ஏற்படும் வாய்ப்பு, மாசு இல்லாத மற்றொரு தளத்தில் இருந்தவர்களைவிட 70 விழுக்காடு கூடுதல் என 2023இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது.

கெட்ட நீரை இறைத்து வெளியேற்றிவிட்டால் நல்ல நீர் ஊறிவிடும் என்பது இயல்பான எண்ணம். 1980களில் அவ்வெண்ணத்தின்படியே இறைத்துத் தூய்மைப்படுத்தும் நிலையங்கள் பல அமைக்கப்பட்டன. 1994இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் அத்தகைய 77 இடங்களை ஆராய்ந்தபோது, 69 இடங்களில் இலக்கு எட்டப்படவில்லை. சிக்கிய துளிகள் இதற்கு ஒரு காரணம்; மற்றொன்று களிமண். களிமண்ணுக்குள் நீர் ஓடுவதில்லை என்றாலும், கரைந்த மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமாகவே ஊடுருவிச் செல்லும் விரவல் என்னும் நிகழ்வு அங்கும் நடக்கிறது. மாசு நீர் பக்கத்தில் இருந்த இருபது முப்பது ஆண்டுகளில் களிமண் அதை மெல்ல உறிஞ்சி வைத்துக்கொண்டது. பக்கத்து மணல் தூய்மையானதும் திசை மாறி, உறிஞ்சியதை மெல்லத் திருப்பித் தருகிறது. உள்ளே போக எடுத்த காலத்தைவிட வெளியே வர எடுக்கும் காலம் மிகுதி, ஏனெனில் உட்புகுந்ததில் ஒரு பங்கு இன்னும் ஆழத்தை நோக்கியே நகர்ந்துகொண்டிருக்கும். பம்பு ஓடும்வரை நீர் தெளிவதும், நிறுத்திய சில மாதங்களில் அளவு மீண்டும் ஏறுவதும் இத்துறையினருக்குப் பழகிப்போன காட்சி.

நீரில் இருந்து இது மேல்நோக்கியும் செல்லும். ஆற்றிலோ ஏரியிலோ கலந்தால் சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடுகிறது. நிலத்தடி நீரின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியோ மண்ணின் துளைகள் வழியே ஏறி, வீட்டு அடித்தளத்தின் வெடிப்புகளிலும் குழாய் நுழையும் சந்துகளிலும் புகுந்து, தண்ணீரை ஒரு மிடறும் குடித்திராதவரின் படுக்கையறையை அடைகிறது. நியூயார்க் மாநிலத்து எண்டிகாட் என்னும் சிற்றூரில் இக்காரணத்தால் நூற்றுக்கணக்கான வீடுகளின் அடித்தளத்துக்குக் கீழே ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றும் குழாய்கள் பொருத்த வேண்டியதாயிற்று. வெளிக்காற்றை அடைந்துவிட்டால் மட்டும் இதன் ஆயுள் குறுகிவிடுகிறது. கதிரவன் ஒளியால் காற்றில் உருவாகும் ஹைட்ராக்சில் என்னும் வினைமிக்க துகள் இதன் இரு கார்பன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பைத் தாக்க, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாதி அழிகிறது. பாதியாகக் குறைய ஆகும் இக்காலத்தை அரை ஆயுள் என்பர். ஒரே மூலக்கூறு வெயிலில் வாரக் கணக்கிலும் மண்ணுக்கடியில் தலைமுறைக் கணக்கிலும் வாழ்வதால், அது எத்தனை நாளில் சிதையும் என்ற கேள்விக்கு, எங்கே என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை.

ஒளி எட்டாத ஆழத்தில் சிதைவு நுண்ணுயிர்களின் கையில் இருக்கிறது. பெட்ரோலைப் பொறுத்தவரை பாக்டீரியாக்களுக்கு அது உணவு. ஆக்சிஜன் கிடைத்தால் உண்டு முடித்துவிடும். மூன்று குளோரின்கள் ஏறிய கார்பன் சேர்மமோ ஏற்கெனவே பெருமளவு எலக்ட்ரான் இழந்த நிலையில் இருப்பது. எரிந்த விறகில் மிச்சமிருக்கும் வெப்பம்போல, உணவாக அதில் ஆதாயம் குறைவு. மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் தம் உணவைச் செரிக்கச் சுரக்கும் நொதியம் இக்கரைப்பானையும் தற்செயலாக உடைப்பது உண்டு என்பதை 1985இல் வில்சன் இணையர் மண் தம்பங்களில் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் அந்த வினையில் பிறக்கும் இடைப்பொருள் அந்தப் பாக்டீரியாவையே நஞ்சூட்டுவதால், அது தன்னலமற்ற தொண்டாகவே முடிகிறது.

ஆக்சிஜன் அற்ற இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. உயிர்கள் மூச்சுவிடுவது என்பதன் வேதிப்பொருள், உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரானை ஏதேனும் ஒன்றிடம் ஒப்படைப்பது. மனிதர் அதை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றனர். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் குளோரின் ஏறிய சேர்மங்களிடம் ஒப்படைக்கின்றன; ஒவ்வொரு ஒப்படைப்பிலும் ஒரு குளோரின் கழன்று உப்பில் உள்ள குளோரைடாக நீரில் சேர, அதன் இடத்தில் ஹைட்ரஜன் அமர்கிறது. மூன்று குளோரின் உள்ளது இரண்டாகி டைகுளோரோஎத்திலீனும், ஒன்றாகி வினைல் குளோரைடும், ஒன்றுமில்லாதாகி எத்திலீனும் ஆகின்றன. இறுதியில் வரும் எத்திலீன், வாழைத்தாரைப் பழுக்கவைக்க மூட்டம் போடும் புகையில் உள்ள அதே வாயுதான்; அதனால் தீங்கில்லை.

ஆனால் அந்த முடிவை எட்டுவதற்கு முந்தைய படியில்தான் இடர் இருக்கிறது. அமெரிக்கக் குடிநீர் வரம்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், டிரைகுளோரோஎத்திலீனுக்கு 5 மைக்ரோகிராம், அதிலிருந்து மிகுதியாகப் பிறக்கும் டைகுளோரோஎத்திலீன் வகைக்கு 70, வினைல் குளோரைடுக்கோ 2. சிதையச் சிதைய நஞ்சு குறைந்துவந்து, கடைசிக்கு முந்திய படியில் தொடங்கிய இடத்தையும் மிஞ்சிவிடுகிறது. பல இடங்களில் குளோரின் நீக்கம் நடுவழியிலேயே நின்றுபோவதும் உண்டு. முதல் குளோரினைக் கழற்றவல்ல பாக்டீரியாக்கள் பல இனத்தவை, கடைசிக் குளோரினைக் கழற்றவல்லவை மிகச் சிலவே. அவ்வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் வாங்காத, விற்காத, கசியவிடாத வினைல் குளோரைடு கிணற்றுநீரில் தோன்றுவது இவ்வாறே. மூலப்பொருளை மட்டும் அளந்து, அது குறைந்துவருகிறது என்று நிறைவடையும் அறிக்கையை இந்த ஒரு காரணத்துக்காகவே ஐயத்துடன் படிக்க வேண்டியிருக்கிறது.

வரிசையை முழுமையாக முடிக்கவல்ல உயிர் 1997இல் தனிமைப்படுத்தப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் காசெட், ஸ்டீவன் சிண்டர் ஆகியோரின் குழு, இத்தாகா நகரின் கழிவுநீர் நிலையத்துச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் பாக்டீரியா இன்று டீஹாலோகாக்காய்டிஸ் மெக்கார்ட்டியை என்ற பெயரால், இத்துறையின் முன்னோடியான பெர்ரி மெக்கார்ட்டியின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அகலம் அரை மைக்ரோமீட்டர் அளவேயான அச்சிறு வட்டுயிரின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 14.7 லட்சம் எழுத்துகளைக் கொண்டது. மனிதக் குடலில் வாழும் ஈ கோலையுடன் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. இவ்வளவு சுருங்கிய உடைமையிலும் குளோரின் கழற்றும் நொதியங்களுக்கான மரபணுக்கள் மட்டும் பத்துக்கு மேல் உள்ளன. ஹைட்ரஜனைத் தவிர வேறெதிலிருந்தும் எலக்ட்ரானைப் பெறாத, குளோரின் சேர்மங்களைத் தவிர வேறெதற்கும் கொடுக்காத, வைட்டமின் பி12ஐப் பிற நுண்ணுயிர்களிடம் இரந்து பெறும் உயிர் அது. முதலில் கிடைத்த வகை வினைல் குளோரைடை மெல்லவே, தனக்குப் பயனின்றியே மாற்றியது. அதையே மூச்சாகக் கொண்டு வளரும் வகை 2003இல் அறிவிக்கப்பட்டது.

இந்தப் பாக்டீரியாவை வேலைக்கு அமர்த்துவது நேரடியாக உணவிட்டு ஆவதன்று. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸையோ, பால்போல் கலக்கிய சோயா எண்ணெயையோ ஆழ்துளை வழியே நிலத்துக்குள் செலுத்தினால், முதலில் பிற பாக்டீரியாக்கள் அதைத் தின்று அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு நொதிக்க வைப்பவை ஹைட்ரஜனை வெளியிடும். அந்த ஹைட்ரஜனுக்காக மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுடன் போட்டியிட்டு, மிகக் குறைந்த செறிவிலும் அதைப் பற்றிக்கொள்ளும் திறனால் டீஹாலோகாக்காய்டிஸ் வெல்லும். இயல்பாக அவ்வுயிர் இல்லாத மண்ணில், ஆய்வகத்தில் வளர்த்த கூட்டத்தைப் பீப்பாய்களில் கொண்டுவந்து, தோசைமாவுக்குப் பழைய மாவை உறை சேர்ப்பதுபோல், சேர்க்கின்றனர்.

உயிரற்ற முறை ஒன்றும் உண்டு. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், நீர் மாதிரி எடுக்கும் குழாய்களின் மூலப்பொருள் அளவீட்டைப் பாதிக்கிறதா என்று சோதித்தபோது, உலோகத்தைத் தொட்டிருந்த மாதிரிகளில் குளோரின் கரைப்பான்கள் குறைவது தெரிந்தது. சோதனைப் பிழையென ஒதுக்காமல் அதைத் தொடர்ந்த ராபர்ட் கில்ஹாம் குழுவினர், இரும்பு துருப்பிடிக்கையில் விடும் எலக்ட்ரானே குளோரினைக் கழற்றுகிறது என்று கண்டு, 1991இல் போர்டனில் மாசுத் தடத்துக்குக் குறுக்கே இரும்புத் துருவலும் மணலும் கலந்த சுவரைப் புதைத்தனர். நீர் சுவரைக் கடந்து செல்லும், கரைப்பான் கடக்காது. இரும்பின் பரப்பில் வினை பெரும்பாலும் வேறு வழியில் நிகழ்வதால் வினைல் குளோரைடு சிறிதளவே உண்டாகிறது என்பது கூடுதல் நன்மை.

இத்தனைக்கும் பிறகு, கிணற்றில் அளவு குறைந்திருப்பது உடைந்ததாலா, கலந்து நீர்த்ததாலா, வேறிடம் போனதாலா என்ற தொடக்கக் கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை சொல்லும் சாட்சி கரைப்பானின் உள்ளேயே இருக்கிறது. இயற்கைக் கார்பனில் நூற்றுக்கு ஒன்றளவு, நிறை 12க்குப் பதிலாக 13 கொண்டது. கனமான கார்பன் பிணைந்திருக்கும் பிணைப்பு உடைவதற்குச் சற்றே கூடுதல் ஆற்றல் தேவையாதலால், பாக்டீரியா தன்னையறியாமல் இலேசானவற்றையே முதலில் உடைக்கிறது. எஞ்சிய கரைப்பானில் கார்பன் 13இன் விகிதம் ஏறிக்கொண்டே வருகிறது. நீர்த்தலும் இடப்பெயர்ச்சியும் அவ்விகிதத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகின்றன. ஆகவே, ஒரே மாசுத் தடத்தில் அடுத்தடுத்து உள்ள இரு கிணறுகளில், முதலாவதில் நூறும் இரண்டாவதில் பத்துமாக அளவு குறைந்திருந்து, கார்பன் விகிதம் இரண்டிலும் மாறாதிருந்தால், மீதித் தொண்ணூறு இன்னும் நிலத்துக்கடியில் எங்கோ முழு மூலக்கூறாகவே இருக்கிறது. அதைத் தேடி மூன்றாவது கிணறு தோண்டத்தான் வேண்டும்.